லண்டன் பத்திரிகையும் மொரதாபாத் கரையானும்

கரையான் தின்றுவிட்டதாம்!

தின்றது கொல்லைப்புறத்துக் கதவை அல்ல, தாத்தா காலத்து நிலப் பத்திரத்தையும் அல்ல. மாரடைப்பு வந்த நோயாளிகள் என்னென்ன சாப்பிட்டார்கள், யார் பிழைத்தார்கள், யார் போய்ச் சேர்ந்தார்கள் என்று எழுதி வைத்திருந்த ஆராய்ச்சிக் காகிதங்களை! இடம், பித்தளைப் பாத்திரத்துக்குப் பேர் போன மொரதாபாத், உத்தரப் பிரதேசம். சொன்னவர் டாக்டர் ராம் பி. சிங். 'ஒரிஜினல் காகிதங்களைக் கொஞ்சம் காட்டுங்களேன்' என்று கேட்டவர்கள், அவருடைய கட்டுரைகளைப் பிரமாதமாகப் போட்ட லண்டன் மருத்துவப் பத்திரிகைக்காரர்கள்.

நம் ஊரில் எத்தனையோ ஓலைச்சுவடிகளைக் கரையான் தின்றிருக்கிறது. ஆகையால் சிங் சொன்னதைப் பொய் என்று நாம் ஒரேயடியாக அடித்துச் சொல்ல வேண்டாம். ஆனால் ஒரு கேள்வி. காகிதங்களைக் கட்டுரை போடுவதற்கு முன்னாலேயே அல்லவா கேட்டிருக்க வேண்டும்?

"அதெல்லாம் சரி ஸார், மொரதாபாத்துக்கும் திருவண்ணாமலைக்கும் என்ன சம்பந்தம்?" என்கிறீர்களா?

இருக்கிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி இங்கே பதினாலு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கில் ஜனங்கள் நடக்கிறார்கள். அதில் அறுபது வயசுக்காரர் ஒருத்தர் அக்னி லிங்கம் தாண்டியதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கூட வந்தவர்கள் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவார்கள். கொஞ்சம் வசதி இருந்தால் "வேலூர் சி.எம்.சி.க்குப் போயிரலாம்" என்பார்கள், "ஜிப்மர்தான் பெஸ்ட்" என்று பாண்டிச்சேரிப் பக்கம் வண்டியைத் திருப்புகிறவர்களும் உண்டு. எங்கே போனாலும், பிழைத்து வீடு திரும்பும்போது கையில் ஒரு சீட்டு இருக்கும். உப்பு குறை, எண்ணெய் குறை, காய்கறி பழம் நிறைய, தினம் இந்த மாத்திரை. அந்தச் சீட்டில் இருப்பது டாக்டர் ராத்திரி கனவு கண்டு எழுதியதல்ல. எங்கோ ஒரு ஆராய்ச்சி, அது ஒரு மருத்துவப் பத்திரிகையில் கட்டுரையாகி, அதை நாலு பேர் மேற்கோள் காட்டி, பாடப்புத்தகத்தில் ஏறி, நம்மூர் சீட்டில் வந்து இறங்குகிறது. ஊற்றிலேயே கலப்படம் என்றால்?

மொரதாபாத் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1992 ஏப்ரலில் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' ஒரு கட்டுரை வெளியிட்டது. மாரடைப்பு வந்து படுத்த 406 பேரை இரண்டு கோஷ்டியாகப் பிரித்து, ஒரு கோஷ்டிக்குப் பழம், காய்கறி, பருப்பு, கொட்டைகள், மீன் என்று தாராளமாகக் கொடுத்தார்களாம். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், அந்த கோஷ்டியில் சாவும் மறு மாரடைப்பும் கணிசமாகக் குறைந்திருந்ததாம். மாத்திரை இல்லை, ஆபரேஷன் இல்லை, வெறும் சாப்பாட்டிலேயே இவ்வளவு பலன்! உலகம் பூரா டாக்டர்கள் கவனித்தார்கள். வாசகர்களில் சிலர் புருவத்தை உயர்த்தவும் செய்தார்கள். தனி ஒரு டாக்டர், இவ்வளவு பெரிய ஆராய்ச்சிகளை, இத்தனை வேகமாக, அடுத்தடுத்து எப்படி முடிக்கிறார்?

சந்தேகம் பத்திரிகை ஆபீஸுக்குள்ளும் புகுந்தது. மூலக் கணக்குகளைக் கேட்டார்கள். வந்ததை ஸ்டீபன் எவன்ஸ் என்ற புள்ளியியல் நிபுணர் முதலானவர்கள் அலசினார்கள்.

எப்படி அலசுவது என்று கேட்டால் சுவாரஸ்யமான விஷயம். நூறு பேரின் எடையை மெஷினில் பார்த்து எழுதினால் கடைசி இலக்கம் பூஜ்யம் முதல் ஒன்பது வரை ஏறக்குறைய சமமாக விழும். அதையே ஒரு ஆசாமி நாற்காலியில் உட்கார்ந்து மனசிலிருந்து எழுதினால், அவரை அறியாமலேயே சில இலக்கங்கள் அடிக்கடி வந்துவிடும். மனித மூளைக்கு அப்படி ஒரு பலவீனம். இன்னொரு சோதனையும் உண்டு. சீட்டுக் குலுக்கிப் போட்டது மாதிரி நோயாளிகளை இரண்டு கோஷ்டியாகப் பிரித்தால், ஆராய்ச்சி ஆரம்பிக்கும் முன் இரண்டு கோஷ்டியும் எல்லா விதத்திலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்க வேண்டும். இங்கே அப்படி இல்லை. கணக்குகள் ஏறி இறங்கும் விதத்தில் இரண்டுக்கும் நடுவே ஏகப்பட்ட வித்தியாசம். இட்டுக்கட்டிய கணக்கு என்பதைத் தவிர வேறு விளக்கம் பொருந்துவது கஷ்டம் என்றார்கள் நிபுணர்கள்.

டாக்டர் சிங் குற்றச்சாட்டை மறுத்தார். அதையும் சொல்லிவிட வேண்டும். எந்தக் கோர்ட்டும் அவரைக் குற்றவாளி என்று சொல்லவில்லை.

ஆனால் இந்தக் கட்டுரையில் நான் பிடித்துக் கேட்க நினைப்பது அவரை அல்ல, அச்சடித்தவரை. 90களிலேயே அந்த ஆபீஸில் சந்தேகம் வந்தாகிவிட்டது. ஊருக்குச் சொன்னது எப்போது? 2005 ஜூலையில்! கட்டுரை வந்து பதிமூன்று வருஷம் கழித்து! அதுவும் கட்டுரையை வாபஸ் வாங்கவில்லை. 'எங்களுக்குக் கவலையாக இருக்கிறது' என்று ஒரு குறிப்பு, அவ்வளவுதான். இடைப்பட்ட காலத்தில், 2002ல், லண்டனிலேயே உள்ள இன்னொரு பெரிய பத்திரிகையான 'லான்செட்', அதே டாக்டரின் அடுத்த ஆராய்ச்சியை வெளியிட்டது. இந்தத் தடவை ஆயிரம் நோயாளிகள்! ஒரே ஊரில் இரண்டு பத்திரிகை. ஒரு வீட்டில் திருட்டுப் போனதாகச் சந்தேகம். பக்கத்து வீட்டுக்காரரிடம் மூச்சு விடவில்லை. 2005ல் லான்செட்டும் அதே மாதிரி ஒரு கவலைக் குறிப்பைப் போட்டுக்கொண்டது.

பத்திரிகைத் தரப்பு நியாயம் என்ன? "நாங்கள் போலீஸ் இல்லை. விசாரிக்க வேண்டியது அவர் வேலை பார்க்கும் இடம்." சிங் சொந்தமாக ஆஸ்பத்திரி நடத்தியவர். அவரே முதலாளி. யாரிடம் போய்ப் புகார் சொல்ல? இந்தியாவில் உள்ள அமைப்புகளுக்கு எழுதிப் பார்த்தார்கள். பொறுப்பெடுத்து விசாரிக்க யாரும் கிடைக்கவில்லை. போதாக்குறைக்கு இங்கிலாந்தின் மானநஷ்டச் சட்டம். வாயைத் திறந்தால் கேஸ். நியாயம்தான், ஒப்புக்கொள்வோம். ஆனால் போலீஸ் வேலை பார்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லையே. கேஷியர் வேலை பார்த்தால் போதுமே!

நீங்கள் ஆபீஸ் வேலையாக வேலூர் போய்விட்டு வருகிறீர்கள். டி.ஏ. பில் போடுகிறீர்கள். அக்கவுண்ட்ஸ் செக்ஷனில் என்ன நடக்கிறது?

"பஸ் டிக்கெட் எங்க ஸார்?"

"போகும்போது வாங்கினது இருக்கு. வரும்போது வாங்கினதை..."

"வாங்கினதை?"

"கரையான் தின்னுடுச்சு."

எந்த அக்கவுண்ட்ஸ் சூப்பரின்டெண்டாவது பில்லைப் பாஸ் பண்ணுவாரா? நூற்றுச் சொச்ச ரூபாய்க்கு! ஆனால் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை வந்தால், உலகின் மிகப் பெரிய மருத்துவப் பத்திரிகைகள்கூட வெகுகாலம் டிக்கெட்டைக் கேட்டதே இல்லை. கட்டுரையை இரண்டு மூன்று நிபுணர்களுக்கு அனுப்புவார்கள். அவர்கள் படித்துப் பார்த்து 'பேஷ்' என்றோ 'போடாதே' என்றோ சொல்வார்கள். அவர்கள் பார்ப்பது கட்டுரையை மட்டும். நோயாளி நிஜமாகவே இருந்தாரா, எடை பார்த்தார்களா என்று பார்ப்பதில்லை. அந்த நிபுணர்களுக்குப் பெரும்பாலும் சம்பளமும் கிடையாது. எழுதுகிறவருக்கும் கிடையாது. அச்சுப் போடுகிறவருக்கு மட்டும்தான் வரும்படி. இந்தத் தொழிலில் முன்னணியில் இருக்கும் கம்பெனிக்கு நூறு ரூபாய் வசூலில் முப்பத்தைந்துக்கு மேல் லாபம் நின்ற வருஷங்கள் உண்டு. நம் ஊர் அடகுக் கடைக்காரர்கள் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள்.

வரும்படி என்றதும் ரீப்ரிண்ட் சமாசாரம் ஞாபகம் வருகிறது. டாக்டர் ரூமுக்கு வெளியே டையும் பையுமாக, டோக்கன் வாங்காமல் காத்திருக்கும் மெடிக்கல் ரெப்பைப் பார்த்திருப்பீர்கள். இதைப் படிக்கும் தம்பிகளில் சிலருக்கே அந்த உத்தியோகமாக இருக்கலாம். அவர் பையில் சாம்பிள் மாத்திரை, பேனா, காலண்டரோடு பளபளவென்று ஒரு கட்டுரைப் பிரதியும் இருக்கும். 'பாருங்க டாக்டர், அமெரிக்கப் பத்திரிகையிலேயே வந்திருக்கு' என்று நீட்டுவதற்கு. அந்தப் பிரதிகளை மருந்துக் கம்பெனி பத்திரிகையிடமிருந்து காசு கொடுத்து மொத்தமாக வாங்குகிறது.

2000 நவம்பரில் 'நியூ இங்கிலண்ட் ஜர்னல் ஆஃப் மெடிசின்', வயாக்ஸ் என்ற மூட்டுவலி மாத்திரையைப் பற்றி ஒரு ஆராய்ச்சி வெளியிட்டது. அந்த ஒரு கட்டுரைக்கு ஒன்பது லட்சத்துக்கும் மேல் ரீப்ரிண்ட் விற்றது! பெரும்பகுதியை வாங்கியது மாத்திரையைத் தயாரித்த மெர்க் கம்பெனியேதான். பத்திரிகைக்குக் கிடைத்தது சுமார் ஏழு லட்சம் டாலர். கட்டுரையில் மூன்று மாரடைப்புகள் கணக்கில் விடுபட்டிருந்தன. 2004 செப்டம்பரில் இதயத்துக்கு ஆபத்து என்று மாத்திரையையே உலகச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள்; இங்கேயும் தடை வந்தது. பத்திரிகை தன் கவலையை அச்சில் தெரிவித்தது எப்போது? 2005 டிசம்பரில். மாத்திரை போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு! ஏழு லட்சம் டாலர் வந்த பாதையில் அவ்வளவு சுலபமாகத் தடுப்புக்கட்டை போட மனசு வருமா?

இன்னும் வேடிக்கை ஆஸ்திரேலியாவில். 2000க்கும் 2005க்கும் நடுவில், எல்சவியர் என்கிற உலகப் பெரும் பதிப்பகத்தின் ஆஸ்திரேலியக் கிளை, எலும்பு மூட்டு மருத்துவம் பற்றி ஒரு பத்திரிகை நடத்தியது. பார்த்தால் அசல் ஆராய்ச்சிப் பத்திரிகை மாதிரியே இருக்கும். உள்ளே, அதே மெர்க் மருந்துகளுக்கு ஜே போடும் பழைய கட்டுரைகளின் தொகுப்பு. காசு கொடுத்தது மெர்க்! அந்த விவரம் எங்கும் அச்சாகவில்லை. 2009ல் மெல்போர்ன் கோர்ட்டில் வயாக்ஸ் வழக்கு நடந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. தோண்டிப் பார்த்தால், ஒன்றல்ல, இதே மாதிரி ஆறு பத்திரிகைகள்! பதிப்பகம் வருத்தம் தெரிவித்தது.

கிரிவலப் பாதையில் பெட்ரோமாக்ஸ் போய் எல்.இ.டி. பல்பு வந்துவிட்டது, லேகியக் கடை மட்டும் போகவில்லை. மூட்டுவலி, சர்க்கரை, ஆண்மைக்குறைவு எல்லாவற்றுக்கும் ஒரே டப்பா. "ஏண்ணே, இது நெசமாவே கேக்குமா?" என்று ஒரு கிராமத்து ஆள் சந்தேகமாகக் கேட்டால், "நம்பிக்கை இருந்தா வாங்கு தம்பி, இல்லாட்டி நடையைக் கட்டு" என்பார் கடைக்காரர். அவர் லேகியத்தை நான் சிபாரிசு செய்யவில்லை. ஆனால் அவரிடம் ஒரு நேர்மை இருக்கிறது. அடுத்த பௌர்ணமிக்கும் அதே இடத்தில் உட்கார்ந்திருப்பார். கேட்கவில்லை என்றால் போய்ச் சட்டையைப் பிடிக்கலாம். லண்டனிலும் ஆம்ஸ்டர்டாமிலும் உட்கார்ந்திருப்பவர்களின் சட்டையை யார் பிடிப்பது?

கனடாவில் ஒரு நர்ஸ் பிடித்துப் பார்த்தார். ரஞ்சித் குமார் சந்திரா இந்தியாவில் பிறந்தவர். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் பேராசிரியர். சத்துணவு ஆராய்ச்சியில் உலகப் புகழ், அந்த நாட்டின் உயரிய விருது எல்லாம் பெற்றவர். அவருடைய குழந்தை உணவு ஆராய்ச்சிக்குப் பச்சிளம் குழந்தைகளைத் தேடிப் பிடிக்கும் வேலை மெரிலின் ஹார்வி என்ற நர்ஸுக்கு. குழந்தைகளையே இன்னும் சேர்த்து முடிக்கவில்லை, முடிவு அச்சில் வந்துவிட்டது! அந்த அம்மாள் 90களின் ஆரம்பத்திலேயே புகார் செய்தார். பல்கலைக்கழகம் விசாரித்தது, மோசம் என்று கமிட்டியும் எழுதியது, அறிக்கை பீரோவுக்குள் போய்விட்டது. சந்திராவோ, தான் காப்புரிமை வாங்கி வைத்திருந்த வைட்டமின் கலவை முதியவர்களுக்கு ஞாபக சக்தியைக் கூட்டுகிறது என்று 2001ல் இன்னொரு கட்டுரை போட்டார். முதலில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலுக்குத்தான் அனுப்பினார். அங்கே சந்தேகப்பட்டுத் திருப்பிவிட்டார்கள். வேறு பத்திரிகை வாங்கிப் போட்டது! 2005ல்தான் அதை வாபஸ் வாங்கினார்கள்.

கனடா டெலிவிஷன் 2006ல் இதையெல்லாம் அம்பலப்படுத்தியபோது சந்திரா மானநஷ்ட வழக்குப் போட்டார். 2015ல் தோற்றார். வழக்கில் அந்தப் பழைய அறிக்கை பீரோவிலிருந்து வெளியே வர, பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் அவருடைய 1989ம் வருஷத்துக் குழந்தை உணவுக் கட்டுரையை வாபஸ் வாங்கியது. இருபத்தாறு வருஷம்! அந்தக் கட்டுரை வந்தபோது தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தை, இந்நேரம் கல்யாணம் ஆகித் தன் குழந்தைக்குப் பால் டப்பா வாங்கிக்கொண்டிருக்கும். கனடா அரசாங்கம் விருதையும் திரும்பப் பிடுங்கிக்கொண்டது.

இவ்வளவு தாமதம் தவிர்க்கவே முடியாததா? இல்லை. 2020 மே 22ம் தேதி, கொரோனா உச்சத்தில் இருந்த சமயம். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரையால் சாவு கூடுகிறது என்று லான்செட் ஒரு கட்டுரை போட்டது. நம் அரசாங்கம் டாக்டர், நர்ஸ்களுக்குச் சிபாரிசு செய்திருந்த அதே மாத்திரை. 671 ஆஸ்பத்திரி, 96,032 நோயாளிகள் என்றார்கள். உலக சுகாதார நிறுவனமே தன் சோதனையில் அந்தப் பகுதியை நிறுத்திவைத்தது. கணக்கு கொடுத்தது அமெரிக்காவில் சர்ஜிஸ்பியர் என்று ஒரு சின்னக் கம்பெனி. உலகம் பூரா விஞ்ஞானிகள் 'டிக்கெட் எங்கே?' என்று கேட்டார்கள். கம்பெனி காட்ட மறுத்தது. ஜூன் 4ம் தேதி கட்டுரை வாபஸ். பதிமூன்றே நாள்!

இதே லான்செட், தடுப்பூசி போட்டால் குழந்தைகளுக்கு ஆட்டிசம் வரும் என்று பீதி கிளப்பிய ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் 1998ம் வருஷத்துக் கட்டுரையை வாபஸ் வாங்க 2010 வரை எடுத்துக்கொண்டது. பன்னிரண்டே குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரை, பன்னிரண்டு வருஷம். நடுவே இங்கிலாந்தில் தட்டம்மை ஊசி போடுகிறவர்கள் குறைந்து, ஒழிந்துவிட்டது என்று நினைத்த தட்டம்மை மறுபடி தலைதூக்கியது. ஆக, ஊரே கூடிக் கத்தினால் பதிமூன்று நாள். ஒரு நர்ஸ் கத்தினால் இருபத்தாறு வருஷம்.

யோக்கியமாக நடந்துகொண்டதற்கும் உதாரணம் இருக்கிறது. ஆலிவ் எண்ணெய்ச் சாப்பாடு இதயத்துக்கு நல்லது என்று ஸ்பெயின்காரர்கள் 2013ல் ஒரு பெரிய ஆராய்ச்சி வெளியிட்டார்கள். ஜான் கார்லைல் என்ற இங்கிலாந்து மயக்க மருந்து டாக்டர் 2017ல் ஐயாயிரத்துச் சொச்சம் ஆராய்ச்சிகளின் கணக்குகளைக் குடைந்து பார்த்ததில் இதுவும் இடறியது. போய்ப் பார்த்தால் மோசடி இல்லை, குளறுபடி. ஒரு இடத்தில் குலுக்கிப் போடாமல், ஊர் ஆட்களுக்கெல்லாம் ஒரே மாதிரி சாப்பாடு கொடுத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்கு எண்ணெய், நமக்கு இல்லையா என்று சண்டை வரக் கூடாதே! 2018ல் பழைய கட்டுரையை வாபஸ் வாங்கி, திருத்திய கணக்கோடு மறுபடி வெளியிட்டார்கள். யாருடைய மானமும் போகவில்லை.

சரி, நம் வீட்டுப் பக்கம் வருவோம். ஹைதராபாத்தில் ஓமிக்ஸ் என்ற பதிப்பகம் நூற்றுக்கணக்கான ஆராய்ச்சிப் பத்திரிகைகளை நடத்தியது. நிபுணர்களை வைத்துச் சரிபார்ப்பதாகச் சொல்லிவிட்டுச் சரிபார்க்காமலே அச்சேற்றுகிறார்கள், கட்டணத்தை மறைக்கிறார்கள் என்று அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் 2016ல் வழக்குப் போட்டது. 2019ல் கோர்ட் 50.1 மில்லியன் டாலர் கட்டச் சொன்னது. அன்றைய மதிப்பில் சுமார் 345 கோடி ரூபாய்!

இப்படிக் கடை விரிக்க வாடிக்கையாளர் வேண்டுமே? இருக்கிறார்கள். மருத்துவக் கல்லூரியில் ப்ரொமோஷன் வேண்டுமென்றால் இத்தனை கட்டுரை வேண்டும் என்று விதி. காலை முழுக்க ஓ.பி., மத்தியானம் வகுப்பு, சாயந்திரம் சொந்த கிளினிக். ஆராய்ச்சிக்கு நேரமும் இல்லை, பணமும் இல்லை. 2005லிருந்து 2014 வரை நம் நாட்டின் 579 மருத்துவக் கல்லூரி, ஆஸ்பத்திரிகளை எடுத்துப் பார்த்ததில், 332 இடங்களில் பத்து வருஷத்தில் ஒரு கட்டுரைகூட வரவில்லை. விதி மட்டும் கழுத்தில் கத்தி வைத்தால், காசுக்குக் கட்டுரை போடுகிற கடை திறக்காமல் என்ன செய்யும்? 2013ல் ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர், வேண்டுமென்றே தப்பும் தவறுமாகப் புற்றுநோய் மருந்து பற்றி ஒரு போலிக் கட்டுரை தயாரித்து 304 பத்திரிகைகளுக்கு அனுப்பினார். 157 பத்திரிகைகள் 'பிரமாதம்' என்று ஏற்றுக்கொண்டன. அதில் 64 இந்தியாவில் இருந்தவை. சிரிக்காதீர்கள், ஏற்றுக்கொண்ட பட்டியலில் மேல்நாட்டுப் பெரிய கம்பெனிகளின் பத்திரிகைகளும் இருந்தன. 2021ல் ஹிந்தாவி என்ற பதிப்பகத்தை 298 மில்லியன் டாலர் கொடுத்து வாங்கிய அமெரிக்காவின் வைலி கம்பெனி, 2023ல் மட்டும் அதன் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளை வாபஸ் வாங்க வேண்டியதாயிற்று. காசுக்குக் கட்டுரை எழுதித் தரும் ஆலைகளின் சரக்கு, பெரிய கடையின் ஷோகேஸில்.

இனிமேல் இது வெளிநாட்டு வம்பு என்று நாம் சும்மா இருக்க முடியாது. 2024 நவம்பரில் மத்திய அரசு ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. முப்பது சர்வதேசப் பதிப்பகங்களின் சுமார் 13,000 பத்திரிகைகளை, அரசு நடத்தும் 6,300 கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள் படிக்கலாம். மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய். திட்டம் நல்ல திட்டம். சின்ன ஊர் மாணவனும் பெரிய பத்திரிகை படிக்கட்டும். ஆனால் பணம் உங்கள் சம்பளத்தில் பிடித்த வரியிலிருந்தும், நாம் குடிக்கும் டீயின் ஜி.எஸ்.டி.யிலிருந்தும் போகிறது. 6,000 கோடிக்குச் சரக்கு வாங்குகிறவர், 'மூலக் கணக்கை முதலில் வாங்கி வைத்துக்கொண்டுதான் மருந்து ஆராய்ச்சியை அச்சேற்ற வேண்டும்; சந்தேகம் வந்தால் இத்தனை நாளைக்குள் கட்டுரையின் நெற்றியிலேயே எழுதி ஒட்ட வேண்டும்; போலி என்று ருசுவானால் ரீப்ரிண்ட் விற்ற காசைத் திருப்பிக் கக்க வேண்டும்' என்று மூன்று கண்டிஷன் போடக் கூடாதா? ஆபீஸுக்கு நாலு மேஜை வாங்கினாலே டெண்டரில் நாற்பது கண்டிஷன் போடுகிற தேசம் இது.

அதுவரைக்கும், ரெப் தம்பிகளுக்கும் டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. வாபஸான கட்டுரைகளின் பட்டியலை 'ரிட்ராக்ஷன் வாட்ச்' என்ற குழு தொகுத்து வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். பையில் இருக்கும் பளபளப் பிரதியின் தலைப்பை அதில் தட்டிப் பார்க்க, டாக்டர் ரூமுக்கு வெளியே காத்திருக்கும் நேரமே தாராளம்.